காட்பாடியில் ஏறி ரயில் அருங்காட்சியகம் வரை: வேலூர்ப் பக்கத்துக்காரர்களுக்கு ஒரு நாள் பயண வழிகாட்டி

சென்னையில், ரயில் பெட்டி செய்யும் ஐசிஎஃப் தொழிற்சாலைப் பக்கத்தில், நியூ ஆவடி ரோட்டில், ஒரு ரயில் அருங்காட்சியகம் இருக்கிறது. 2002-ல் திறந்தார்கள். ஆறேகால் ஏக்கர் இடம். வெள்ளைக்காரர் காலத்து இன்ஜின்கள், பழைய பெட்டிகள், ஊட்டி மலைரயில் வண்டிகள், பிள்ளைகளுக்குப் பொம்மை ரயில் என்று நிறைய உண்டு. வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களிலிருந்து காலையில் கிளம்பினால் ராத்திரி சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துவிடலாம். முதல்முறை போகிறவர்களுக்கு எங்கே ஏறுவது, எங்கே இறங்குவது, எதை முதலில் பார்ப்பது என்பதில் குழப்பம் வரும். அதற்காகத்தான் இந்தக் கட்டுரை.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். காரில் போகாதீர்கள், ரயிலில் போங்கள். செலவு குறைவு என்பதற்காக மட்டும் சொல்லவில்லை. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து கிளம்பி வந்து நின்றது நம் ஊர்ப் பக்கத்தில்தான். இன்றைக்கு நாம் வாலாஜா ரோடு என்று சொல்லும் நிலையம் அது. ஆற்காட்டுக்கு ரயில் என்றே அப்போது பேச்சு. பம்பாய் - தானே பாதை 1853-ல் வந்தது, கல்கத்தாப் பக்கம் ஹவுரா - ஹூக்ளி பாதை 1854-ல் வந்தது. அடுத்த வரிசையில் நிற்பது நம் பாதை. காட்பாடியில் ஏறி உட்காருகிற நீங்கள், வாலாஜா ரோட்டைத் தாண்டியதும் 1856-ல் போட்ட அதே தடத்தின் மேல்தான் போகிறீர்கள். அருங்காட்சியகத்தில் பார்க்கப் போகிற பல விஷயங்களின் நடைமுறை உதாரணம் வழியெல்லாம் கிடக்கும். காரில் போனால் அத்தனையும் போச்சு.

எந்த நாளில் போவது

திங்கட்கிழமை விடுமுறை. இது தெரியாமல் வாசல் வரை போய்த் திரும்புகிறவர்கள் உண்டு. அரசு விடுமுறை நாள்களில் திறந்திருக்குமா என்பதை முந்தின நாளே பார்த்துக்கொள்ளுங்கள்.

ஞாயிற்றுக்கிழமையில் மூன்று சிக்கல். சென்னை மின்சார ரயில்கள் அன்று குறைவாக ஓடும். தண்டவாளப் பராமரிப்பு வேலையை வைத்துக்கொண்டு சிலவற்றை ரத்தும் செய்வார்கள். சாயங்காலம் ஊரிலிருந்து சென்னைக்கும் சென்னையிலிருந்து ஊருக்கும் கூட்டம் அலைமோதும். வேலை நாளில் போனால் பள்ளிக்கூடப் பிள்ளைகள் பஸ் பஸ்ஸாக வந்து இறங்குவார்கள், நிதானமாக நின்று பார்க்க விடாது. என் கணக்கில் சனிக்கிழமைதான் சரி.

மாதம் என்று பார்த்தால் ஜனவரி, பிப்ரவரி, ஆடிக்குப் பிறகு ஆகஸ்ட், செப்டம்பர் நல்லது. வண்டிகளில் பெரும்பாலானவை வெட்டவெளியில் நிற்கின்றன. கத்திரி வெயிலில் அந்த இரும்பைத் தொட முடியாது. வேலூர் வெயிலில் பழகிய உடம்பு தாங்கும் என்று நினைக்க வேண்டாம், சென்னைப் புழுக்கம் வேறு வகை. நவம்பர், டிசம்பரில் மழை. அந்த மாதங்களில் போவதென்றால் வானிலை அறிவிப்பைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

எங்கே ஏறுவது, எந்த ரயில்

வேலூர்க்காரர்களுக்குக் காட்பாடிதான். பாகாயம் - காட்பாடி டவுன் பஸ் எது கிடைத்தாலும் ஏறலாம். விடியற்காலையில் கிரீன் சர்க்கிளும் பாலாற்றுப் பாலமும் காலியாக இருக்கும், சட்டென்று வந்துவிடலாம். ஏழு மணிக்கு மேல் ஆனால் சித்தூர் பஸ் ஸ்டாண்டு அருகே நெரிசல் ஆரம்பித்துவிடும். காட்பாடி நிலையத்தில் மறுசீரமைப்பு வேலை நடப்பதால் வாசலும் டிக்கெட் கவுன்ட்டரும் போன முறை இருந்த இடத்தில் இருக்கும் என்று நம்பிப் போக வேண்டாம். அரை மணி நேரம் முன்னதாகவே போய்ச் சேருங்கள்.

திருப்பத்தூர், வாணியம்பாடி, ஆம்பூர், குடியாத்தம் பக்கத்துக்காரர்கள் காட்பாடிக்கு வர வேண்டிய அவசியம் இல்லை. ஏலகிரி எக்ஸ்பிரஸ் அதிகாலையில் ஜோலார்பேட்டையில் கிளம்பி உங்கள் ஊர் வழியாகத்தான் வருகிறது. ராணிப்பேட்டை, வாலாஜா, ஆற்காடு ஆட்கள் வாலாஜா ரோட்டில் ஏறலாம். திருவண்ணாமலை, போளூர், கண்ணமங்கலம் பக்கம் என்றால் வேலூர் கண்டோன்மென்ட் வழியாகச் சென்னைக் கடற்கரை வரை போகும் மெமு ரயில் (தனி இன்ஜின் இல்லாமல் மின்சாரத்தில் ஓடும் வண்டி) இருக்கிறது. அரக்கோணத்துக்காரர்களுக்கு எந்தக் கவலையும் இல்லை. மின்சார ரயிலில் ஏறி உட்கார்ந்தால் வில்லிவாக்கத்தில் இறங்கிக்கொள்ளலாம்.

காட்பாடியில் நிற்கிற ரயிலுக்குப் பஞ்சமே இல்லை. ஆனால் எதில் ஏறுவது என்பது முக்கியம். கேரளாவிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் வந்து வடக்கே போகிற நெடுந்தூர ரயில்களில் முன்பதிவில்லாத பெட்டி காட்பாடிக்கு வரும்போதே நிரம்பி வழியும். சிஎம்சி மருத்துவமனைக்கு வந்து ஊர் திரும்பும் வெளிமாநிலக் குடும்பங்களும் மூட்டை முடிச்சோடு இங்கேதான் ஏறுவார்கள். பிள்ளைகளை அழைத்துக்கொண்டு அந்தக் கூட்டத்தில் நுழைய வேண்டாம். ஏலகிரி, மெமு மாதிரி பக்கத்து ஊரிலிருந்து கிளம்பும் வண்டிதான் உங்களுக்குத் தோது.

இப்போது முக்கியமான கேள்வி: எங்கே இறங்குவது? பெரும்பாலானோர் சென்ட்ரல் வரை போய், அங்கிருந்து திரும்பவும் மின்சார ரயிலில் வந்த வழியே வில்லிவாக்கம் வருகிறார்கள். தேவையில்லாத அலைச்சல். உங்கள் ரயில் பெரம்பூரில் நிற்குமா என்று முன்பே பாருங்கள். நின்றால் அங்கே இறங்கி, ஆவடி, திருவள்ளூர், அரக்கோணம் என்று எந்தப் பெயர் போட்ட மின்சார ரயில் வந்தாலும் ஏறுங்கள். பெரம்பூர் கேரேஜ் ஒர்க்ஸ், பெரம்பூர் லோகோ ஒர்க்ஸ், அதற்கடுத்தது வில்லிவாக்கம். மெமுவில் வருகிறவர்கள் அது வில்லிவாக்கத்திலேயே நிற்கிறதா என்றும் பார்த்துவிடலாம். வில்லிவாக்கத்தில் இறங்கி ஆட்டோக்காரரிடம் "ஐசிஎஃப் ரயில் மியூசியம், நியூ ஆவடி ரோடு" என்று சொன்னால் போதும். வெறுமனே ஐசிஎஃப் என்று சொல்லாதீர்கள். ஐசிஎஃப்புக்கு வாசல்கள் பல, குடியிருப்பும் பெரியது. வேறு பக்கம் கொண்டுபோய் விட்டுவிடுவார்கள்.

டிக்கெட்

முன்பதிவு செய்வதானால் அறுபது நாள் முன்பிருந்தே செய்யலாம். ஏலகிரியிலும் மற்ற பகல்நேர ரயில்களிலும் உட்கார்ந்து போகும் இரண்டாம் வகுப்பு முன்பதிவு குறைந்த கட்டணத்தில் கிடைக்கும். பெரியவர்களோ சின்னப் பிள்ளைகளோ கூட வந்தால் அதுதான் நிம்மதி. போவதற்குச் செய்யாவிட்டாலும் திரும்பி வருவதற்குக் கண்டிப்பாகச் செய்துவிடுங்கள். நாள் முழுக்க நடந்து களைத்த பிறகு நின்றுகொண்டே காட்பாடி வரை வருவது கொடுமை.

முன்பதிவில்லாத டிக்கெட் எடுக்கிறவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று. ரயில் எண் 12, 20, 22 என்று ஆரம்பித்தால் அது சூப்பர்பாஸ்ட். சாதாரண எக்ஸ்பிரஸ் டிக்கெட்டோடு அதில் ஏறக்கூடாது, கூடுதல் கட்டணம் உண்டு. 16 என்று ஆரம்பித்தால் சாதாரண எக்ஸ்பிரஸ். டிக்கெட் எடுக்கும்போதே சூப்பர்பாஸ்டா இல்லையா என்று சொல்லி எடுங்கள். செல்போன் செயலியில் எடுப்பதானால் நிலையத்துக்குள் நுழைவதற்கு முன்பே எடுத்துவிட வேண்டும். பிளாட்பாரத்தில் நின்றுகொண்டு எடுத்தால் செயலி மறுத்துவிடும், அங்கே ஒட்டியிருக்கும் கியூஆர் கோடைத் தேடி ஓட வேண்டியிருக்கும்.

பெரம்பூரில் இறங்குவதாக இருந்தால் டிக்கெட்டைப் பெரம்பூர் வரை எடுங்கள். வில்லிவாக்கம்தானே போகிறோம், அதுவரை எடுத்தால் போதும் என்று தோன்றும். ஆனால் வில்லிவாக்கத்தைத் தாண்டித்தான் பெரம்பூர் வருகிறது. பரிசோதகர் பிடித்தால் அபராதம் கட்ட வேண்டும். பெரம்பூரிலிருந்து வில்லிவாக்கத்துக்கு 5 ரூபாயில் தனி டிக்கெட் எடுத்துக்கொள்ளலாம்.

ஐந்து வயது ஆகாத குழந்தைக்கு டிக்கெட் வேண்டாம். ஐந்திலிருந்து பன்னிரண்டு வயதுக்குள் இருந்தால் முன்பதிவில்லாத டிக்கெட் பாதிக் கட்டணம். முன்பதிவில் தனி இருக்கை கேட்டால் முழுக் கட்டணம். ரயில் தாமதமா, எந்த பிளாட்பாரம் என்று எது கேட்பதானாலும் 139.

ரயில் வரும் வரை செய்ய ஒரு வேலை

அருங்காட்சியகம் போகிற பலர் "பெரிய இன்ஜின், சின்ன இன்ஜின்" என்ற அளவில் பார்த்துவிட்டு, படம் எடுத்துக்கொண்டு ஒரு மணி நேரத்தில் வெளியே வந்துவிடுகிறார்கள். இன்ஜின் மேல் எழுதியிருக்கும் எழுத்துகளைப் படிக்கத் தெரிந்தால் அதே இடத்தில் அரை நாள் போவது தெரியாது. அதைக் காட்பாடி பிளாட்பாரத்திலேயே கற்றுக்கொள்ளலாம். பத்து நிமிட வேலை.

ரயில் வந்து நின்றதும் இன்ஜின் பக்கவாட்டைப் பாருங்கள். டபிள்யூஏபி-7 என்று இருக்கும். முதல் எழுத்து தண்டவாள அகலம். டபிள்யூ என்றால் அகலப்பாதை, இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவே 1,676 மில்லிமீட்டர். ஒய் என்றால் மீட்டர் கேஜ், சரியாக 1,000 மில்லிமீட்டர். இசட் என்றால் குறுகிய பாதை, 762 மில்லிமீட்டர். இரண்டாவது எழுத்து எதில் ஓடுகிறது என்பது. ஏ என்றால் மேலே போகும் கம்பியின் 25,000 வோல்ட் மாறுதிசை மின்சாரம், டி என்றால் டீசல். அடுத்த எழுத்து என்ன வேலைக்கு என்பது. பி பயணிகள் ரயிலுக்கு, ஜி சரக்கு ரயிலுக்கு, எம் இரண்டுக்கும். கடைசி எண் எத்தனையாவது ரகம் என்பது. நீராவி இன்ஜினுக்கு நடு எழுத்தே கிடையாது. டபிள்யூபி என்று இருந்தால் அகலப்பாதையில் பயணிகள் ரயில் இழுத்த நீராவி இன்ஜின். ஒய்ஜி என்றால் மீட்டர் கேஜில் சரக்கு இழுத்தது. அவ்வளவுதான் விஷயம்.

பக்கத்திலேயே ஷெட் பெயரும் இருக்கும். ராயபுரம், அரக்கோணம், ஈரோடு என்று எழுதியிருப்பதைப் பார்த்தால் அந்த இன்ஜினைப் பராமரிக்கும் ஊர் அது என்று அர்த்தம்.

பெட்டிகளுக்கும் இதேபோல ஒரு கணக்கு உண்டு. பெட்டியின் பக்கவாட்டில் ஐந்து அல்லது ஆறு இலக்க எண் எழுதியிருப்பார்கள். முதல் இரண்டு இலக்கம் அந்தப் பெட்டி செய்த ஆண்டு. 09 என்று ஆரம்பித்தால் 2009. எட்டு வயதுப் பிள்ளைக்கு இதைச் சொல்லிக்கொடுத்துவிட்டால் பயணம் முழுக்கத் தொல்லை இல்லை. எதிரே போகிற ஒவ்வொரு ரயிலின் வயதையும் அதுவே சொல்லிக்கொண்டு வரும்.

இன்னொன்று: இரண்டு பெட்டிகள் சேரும் இடத்தைக் குனிந்து பாருங்கள். நீல நிறப் பழைய ஐசிஎஃப் பெட்டியாக இருந்தால் இரண்டு பக்கமும் இடியைத் தாங்கும் தட்டு மாதிரி பஃபர் இருக்கும், நடுவில் திருகி இறுக்கும் கொக்கி இருக்கும். பின்னால் வந்த புது ரகமான சிவப்பு நிற எல்எச்பி பெட்டியில் பஃபர் கிடையாது, நடுவில் கை கோத்த மாதிரி ஒரே இணைப்புதான். விபத்து நேரத்தில் ஒரு பெட்டி மேல் இன்னொன்று ஏறிவிடாமல் இருக்க உதவுவது இந்த இணைப்பு. இந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், அருங்காட்சியகத்தில் வேலைக்கு வரும்.

வழியில் என்னென்ன

காட்பாடியிலிருந்து சென்ட்ரல் 130 கிலோமீட்டர். காலைப் பயணத்தில் இடது பக்க ஜன்னலில் உட்காருங்கள், வெயில் முகத்தில் அடிக்காது.

திருவலம் தாண்டியதும் பொன்னையாறு. மழைக்காலம் தவிர மற்ற நாளில் மணல்தான் தெரியும். ஆனால் 2021 டிசம்பரில் இதே ஆற்றில் வந்த வெள்ளத்துக்குப் பிறகு ரயில் பாலத்தில் விரிசல் கண்டு, சென்னைப் பக்கம் போகும் ரயில்களை ரத்து செய்தார்கள். வேலைக்குப் போகிறவர்கள் பட்ட பாடு இந்தப் பக்கத்தில் எல்லாருக்கும் நினைவிருக்கும். பாலத்தின் மேல் ரயில் வேகம் குறைகிறதா என்று கவனியுங்கள். அடுத்து முகுந்தராயபுரம், பெல் தொழிற்சாலை இருக்கும் ஊர்.

அப்புறம் வாலாஜா ரோடு. ஊர் ஒரு பக்கம், நிலையம் ஒரு பக்கம் என்று தள்ளித் தள்ளித்தான் இருக்கும். ரயில் நின்றால் கூட வந்திருக்கும் பிள்ளைகளிடம் சொல்லுங்கள்: ராயபுரத்திலிருந்து வந்த முதல் ரயிலுக்குக் கடைசி நிலையம் இதுதான். இப்படி ஒரு சரித்திரம் உள்ள இடத்தை ராணிப்பேட்டை மாவட்டத்துப் பள்ளிகள் வருஷம் ஒரு முறையாவது பிள்ளைகளை அழைத்து வந்து காட்ட வேண்டும் என்பது என் ஆசை. சோளிங்கர், மகேந்திரவாடி தாண்டி அரக்கோணம் வந்தால் தடங்கள் விரிந்துகொண்டே போகும். ரேணிகுண்டாப் பக்கம் ஒன்று, காஞ்சிபுரம் வழியாகச் செங்கல்பட்டுக்கு ஒன்று என்று பிரிகிற சந்திப்பு. மின்சார இன்ஜின்களுக்கான லோகோ ஷெட்டும் இங்கே உண்டு. இன்ஜின் எழுத்துகளைப் படித்துப் பழக இதைவிட நல்ல இடம் இந்தப் பாதையில் இல்லை.

அருங்காட்சியகத்துக்குள்

நுழைவுச் சீட்டு விலை அதிகமில்லை. பொம்மை ரயிலுக்குத் தனிச் சீட்டு வாங்க வேண்டும். உள்ளே போனதும் பிள்ளைகள் அதற்குத்தான் இழுப்பார்கள். முதலிலேயே ஏற்றிவிடுங்கள். அதை முடித்துவிட்டால்தான் மற்றதைப் பார்க்க அவர்கள் மனது வைப்பார்கள். தவிரவும் அந்த ரயில் வளாகத்தைச் சுற்றிவரும்போது எது எங்கே நிற்கிறது என்று உங்களுக்கும் ஒரு பிடி கிடைக்கும்.

வெயில் ஏறுவதற்கு முன் வெளியில் இருப்பதைப் பாருங்கள். உச்சி வெயிலில் உள்ளரங்குக்குப் போங்கள். மாதிரிகளும் படங்களும் கருவிகளும் அங்கே இருக்கின்றன, நிழலில் நின்று பார்க்கலாம்.

நீராவி இன்ஜின் முன்னால் நிற்கும்போது அதன் ஒரு பக்கமாகப் போய், முன்னிருந்து பின்னாக நடந்து பாருங்கள். முன்னால் இருக்கும் வட்டக் கதவுக்குப் பின்னே புகைப்பெட்டி. அதன் மேல் புகைபோக்கி. அடுத்து நீளமாகப் படுத்திருப்பது கொதிகலன். கடைசியில், டிரைவர் நிற்கும் இடத்துக்கு முன்னால், நெருப்புப் பெட்டி. நிலக்கரி எரிவது அங்கே. சூடான புகை கொதிகலனுக்குள் இருக்கும் குழாய்கள் வழியாக முன்னோக்கி வந்து சுற்றியிருக்கும் தண்ணீரைக் கொதிக்க வைக்கிறது. அந்த நீராவி கீழே சக்கரத்துக்கு முன்னால் இருக்கும் சிலிண்டருக்குள் போய்ப் பிஸ்டனைத் தள்ளுகிறது. பிஸ்டனோடு இணைந்த இரும்புத் தண்டு சக்கரத்தைச் சுழற்றுகிறது. வேலை முடிந்த நீராவியைச் சும்மா வெளியே விட்டுவிடவில்லை. புகைபோக்கி வழியாக வேகமாகப் பீய்ச்சி விடுகிறார்கள். அது வெளியேறும்போது புகையையும் இழுத்துக்கொண்டு போகிறது, அதனால் நெருப்புப் பெட்டிக்குள் புதுக்காற்று பாய்ந்து தீ கொழுந்துவிடுகிறது. இன்ஜின் வேகமாக ஓட ஓடத் தீயும் தானாகவே வேகம் பிடிக்கும். பழைய ரயிலின் "சுக் சுக்" சத்தம் வேறு ஒன்றுமில்லை, ஒவ்வொரு தடவையும் சிலிண்டரிலிருந்து நீராவி வெளியே வரும் ஓசைதான். நூறு வருஷத்துக்கு மேல் உலகத்தை இழுத்த ஏற்பாடு இது. தண்டுகளையும் சிலிண்டரையும் கண்ணெதிரே வைத்துக்கொண்டு பிள்ளைக்கு விளக்கினால் பாடப்புத்தகத்தில் படிப்பதைவிட நன்றாகப் பதியும்.

சக்கரங்களையும் எண்ணுங்கள். முன்னால் சின்னச் சக்கரம், நடுவில் தண்டால் இணைத்த பெரிய சக்கரங்கள், பின்னால் மறுபடி சின்னது. 4-6-2 என்று சொன்னால் முன்னால் நான்கு, நடுவில் ஆறு, பின்னால் இரண்டு. நடுவில் இருப்பவைதான் இழுக்கும் சக்கரங்கள். அவை உயரமாக இருந்தால் வேகத்துக்குச் செய்த இன்ஜின். குட்டையாக, நிறைய இருந்தால் பாரம் இழுக்கவோ மலை ஏறவோ செய்தது.

மலை என்றதும் ஊட்டி ரயில். அது சம்பந்தப்பட்ட வண்டிகளை இங்கே தவற விடாதீர்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை 1899-லும், ஊட்டி வரை 1908-லும் ஓட ஆரம்பித்த பாதை. மொத்தம் 46 கிலோமீட்டர். கல்லாறிலிருந்து குன்னூர் வரை சில இடங்களில் பன்னிரண்டு அடி போனால் ஓர் அடி ஏறும் செங்குத்து. சாதாரணச் சக்கரம் அங்கே வழுக்கிவிடும். அதனால் இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவே பல் வைத்த இரும்புச் சட்டம் இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் பதித்திருக்கிறார்கள். ஒன்றின் பல் இருக்கும் இடத்தில் மற்றதன் பள்ளம் வரும்படி மாற்றி வைத்திருப்பார்கள். இன்ஜினுக்கு அடியில் இருக்கும் பற்சக்கரம் எந்த நேரத்திலும் ஏதாவது ஒரு பல்லையாவது பிடித்திருக்கும், பிடி விட்டுப்போகாது. ஏற்றத்தில் இன்ஜின் முன்னால் நின்று இழுப்பதில்லை, பின்னால் நின்று தள்ளிக்கொண்டு போகிறது. 2005-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. ஊட்டி போய் டிக்கெட் கிடைக்காமல் திரும்பியவர்கள் நம் பக்கத்தில் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்கள் அந்த வண்டியைச் சாவகாசமாகச் சுற்றிப் பார்க்க இங்கே முடியும்.

மீட்டர் கேஜ் வண்டிகளைப் பார்க்கும்போது வேலூர்ப் பெரியவர்கள் கொஞ்சம் நின்றுவிடுவார்கள். விழுப்புரம் - காட்பாடிப் பாதை மீட்டர் கேஜாக இருந்த காலத்தில் கண்டோன்மென்ட் நிலையத்திலிருந்து திருவண்ணாமலைக்கும் போளூருக்கும் இந்த மாதிரிப் பெட்டியில்தான் போய் வந்தார்கள். தாத்தா பாட்டியை வீட்டில் விட்டுவிட்டுப் போகாதீர்கள். கிரிவலத்துக்குப் போன கதையை அவர்கள் சொன்னால், பலகையில் எழுதியிருப்பதைவிட அதிகம் தெரிந்துகொள்ளலாம்.

அடுத்து, ஐசிஎஃப் பெட்டி. அருங்காட்சியகம் இருப்பதே அந்தத் தொழிற்சாலையின் நிழலில். 1955 அக்டோபர் 2 அன்று நேரு திறந்து வைத்தார். ஸ்விட்சர்லாந்தின் ஷ்லீரன் நிறுவனத்து வடிவமைப்பில் பெட்டி செய்ய ஆரம்பித்தார்கள். அறுபது வருஷத்துக்கும் மேலாக இந்தியா முழுக்க ஓடிய நீலப் பெட்டி, அதற்கு முன் செம்மண் நிறப் பெட்டி, எல்லாம் இந்தக் குடும்பம்தான். அந்த ரகத்தில் கடைசிப் பெட்டி 2018 ஜனவரியில் இங்கிருந்து வெளியே போனது. அதே ஆண்டில் முதல் வந்தே பாரத் ரயிலையும் இங்கேதான் செய்து முடித்தார்கள். காட்பாடியில் குனிந்து பார்த்த பஃபரும் திருகு கொக்கியும் நினைவிருக்கிறதா? பழைய பெட்டிகளில் அவற்றை அவசரமில்லாமல் பக்கத்திலிருந்து பார்க்கலாம். அந்தக் கொக்கியை மாட்ட ஒரு தொழிலாளி இரண்டு பெட்டிகளுக்கும் நடுவே புகுந்து நின்று கையால் இறுக்க வேண்டும். மழையிலும் இருட்டிலும் அந்த வேலையைச் செய்தவர்களை எண்ணி ஒரு நிமிடம் அங்கே நிற்கலாம்.

எந்த வண்டி மேலும் ஏறித் தொங்க விடாதீர்கள். துருப்பிடித்த படி எப்போது உடையும் என்று சொல்ல முடியாது. ஏறலாம் என்று பலகை வைத்திருக்கும் வண்டியில் மட்டும் ஏறுங்கள்.

சாப்பாடு

புளிசாதம், எலுமிச்சை சாதம், தயிர்சாதத்துக்குப் பதில் சப்பாத்தி. இதுதான் என் யோசனை. காலையில் கட்டியது மதியம் வரை கெடாது. ஆம்பூர் பிரியாணியைப் பொட்டலம் கட்டிக்கொண்டு வரும் ஆசை எல்லாருக்கும் உண்டு, ஆனால் ஆறு மணி நேரம் பையில் கிடந்தால் நன்றாக இருக்காது. அதை ராத்திரிக்கு வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் ஆளுக்கு இரண்டு பாட்டில் வேண்டும். சாப்பிட எங்கே உட்காரலாம் என்று வாசலில் இருக்கும் ஊழியரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

நேரம் இருந்தால் ராயபுரம்

இரண்டு, இரண்டரை மணிக்குள் அருங்காட்சியகத்தை முடித்துவிட்டால் நேராகச் சென்ட்ரலுக்குப் போக வேண்டாம். வில்லிவாக்கத்தில் சென்னைக் கடற்கரை என்று பெயர் போட்ட மின்சார ரயிலுக்குக் காத்திருங்கள். சென்ட்ரல் போகும் வண்டியில் ஏறிவிடக் கூடாது. முன்னால் இருக்கும் பலகையைப் பார்த்து, பக்கத்தில் நிற்பவரிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு ஏறுங்கள். வியாசர்பாடி ஜீவா, வண்ணாரப்பேட்டை, அப்புறம் ராயபுரம்.

1856 ஜூன் 28 அன்று சென்னை ஆளுநர் ஹாரிஸ் பிரபு திறந்து வைத்த நிலையம் இது. மூன்று நாள் கழித்துத்தான் பொதுமக்களுக்கான ரயில் ஓடியது. பம்பாயிலும் ஹவுராவிலும் முதன்முதலில் கட்டிய நிலையக் கட்டடங்கள் இன்றைக்கு இல்லை. இந்தியாவில் இன்னமும் நிற்கிற நிலையக் கட்டடங்களில் மிகப் பழையது ராயபுரம்தான். உயரமான தூண்களும் அவற்றின் தலையில் இலை இலையாகச் செதுக்கிய வேலைப்பாடும் இன்றும் இருக்கின்றன. உள்ளே சுற்றிப் பார்க்க ஏற்பாடு எதுவும் கிடையாது. வெளியே நின்று இருபது நிமிடம் பார்க்கலாம், அது போதும். காலையில் வாலாஜா ரோட்டைப் பார்த்தீர்கள், இது அந்தப் பாதையின் மறு முனை. முழுப் பாதையையும் ஒரே நாளில் பார்த்து முடித்த கணக்கு.

சின்னக் குழந்தைகள் அசந்துவிட்டால் ராயபுரத்தை அடுத்த முறைக்கு வையுங்கள். இதையும் சேர்த்து மெரினாவையும் பார்த்துவிடலாம் என்று சிலர் திட்டம் போடுவார்கள். வேண்டாம். சாயங்கால ரயிலைக் கோட்டைவிடுவதற்கு அதுதான் வழி.

திரும்பி வரும்போது

ராயபுரத்திலிருந்து கடற்கரை அடுத்த நிலையம்தான். மெமுவில் திரும்புகிறவர்கள் அங்கே போய் அது கிளம்பும் இடத்திலேயே ஏறினால் உட்கார இடம் கிடைக்கும். ஏலகிரி அல்லது வேறு எக்ஸ்பிரஸில் முன்பதிவு செய்திருந்தால் சென்ட்ரலுக்கு வந்துவிடுங்கள். ராயபுரத்திலிருந்து ஆட்டோவில் வரலாம், கடைசி நேரத்தில் மட்டும் வேண்டாம், சாயங்காலம் அந்தப் பக்கம் லாரி நெரிசல் அதிகம். அருங்காட்சியகத்திலிருந்து நேராகத் திரும்புகிறவர்கள், போனது போலவே பெரம்பூரில் ஏற முடியுமா என்று பாருங்கள். முன்பதிவு செய்யும்போதே ஏறும் இடம் பெரம்பூர் என்று போட்டுக்கொண்டால் சென்ட்ரல் வரை போகிற அலைச்சல் மிச்சம்.

பெங்களூர், கேரளா போகும் ராத்திரி ரயில்கள் காட்பாடியில் நிற்கும்தான். ஆனால் அவற்றில் முன்பதிவில்லாத பெட்டியில் காலையில் சொன்ன அதே கூட்டம். ஆறு மணியை ஒட்டிக் கிளம்புகிற வண்டிகளில் ஏதாவது ஒன்றைப் பிடித்தால் எட்டரை, ஒன்பதுக்குள் காட்பாடியில் இறங்கிவிடலாம், டவுன் பஸ்ஸும் இருக்கும். அதற்கு மேல் ஆனால் ஆட்டோதான். நான்கைந்து பேராக இருந்தால் நிலையத்துக்கு வெளியே வந்து, சித்தூர் பஸ் ஸ்டாண்டு வரை நடந்து ஆட்டோ பேசுங்கள். வாடகை குறைத்துக் கேட்க அங்கே தோது.